தொலைநிலைக் கல்வி மையத்தில் ஏ.ஐ.: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கலைக் கல்லூரியில் இயங்கும் தொலைநிலைக் கல்வி மையத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பி.ஏ. தமிழ், பி.காம். இரண்டிலும் சேர்த்து 240 மாணவர்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள், தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வருபவர்கள் என்று எல்லோரும் உண்டு. காண்டாக்ட் கிளாஸ் ஞாயிறு மட்டும். பகுதி நேர ஆசிரியர்கள் இரண்டு பேர், எழுத்தர் ஒருவர். "ஏ.ஐ. கொண்டுவாருங்கள்" என்று நிர்வாகம் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் ஆண்டுச் சந்தாவில் வாட்ஸ்அப் சாட்பாட் (மாணவர் கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் நிரல்) தருவதாகச் சொல்கிறது. அசைன்மென்ட்டுகளோ ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகின்றன. எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது?

பதில்: சந்தாவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். நான்கு வாரத்துக்கு மையத்துக்கு வரும் ஒவ்வொரு கேள்வியும் அதில் ஏற வேண்டும். போனில் வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, நேரில் வந்தாலும் சரி. தேதி, மாணவர் கேட்ட அதே சொற்கள், பதில் எந்தக் காகிதத்தில் கிடைத்தது, அதைத் தேட எத்தனை நிமிடம் ஆனது: இந்த நான்கு கட்டம் போதும். பெயர் வேண்டாம். கேட்ட சொற்களைத் திருத்தாமல் எழுதச் சொல்லுங்கள். "தேர்வுக் கட்டணம் செலுத்த இறுதி நாள் யாது?" என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. "சார் எக்ஸாம் பீஸ் லாஸ்ட் டேட் எப்போ, நான் ரெண்டு அரியர் வெச்சிருக்கேன்" என்றுதான், அதுவும் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். பின்னால் கருவியைச் சோதிக்க உங்களுக்குத் தேவைப்படுவது இந்தச் சொற்கள்தான்.

நோட்டு நிறைந்ததும் கேள்விகள் சில கூட்டங்களாகப் பிரியும். தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், புத்தகம் வரவில்லை, அசைன்மென்ட் கடைசி நாள் ஆகியவை ஒரு கூட்டம். இவற்றுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே ஏதோ ஒரு சுற்றறிக்கையில் இருக்கிறது, மாணவர் கையில்தான் இல்லை. ஏ.ஐ. உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இது. இரண்டாவது கூட்டம் பாடச் சந்தேகங்கள். எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், ஆனால் ஆசிரியரின் நேரம் போக வேண்டியது இங்கேதான். மூன்றாவது கூட்டம், ஆளுக்கு ஆள் மாறும் தனிச் சிக்கல்கள். இதை எந்தக் கருவியிடமும் விடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேருபவர்களுக்கு டெப் ஐடி (பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து பெறும் எண்) கட்டாயம். அதற்கு ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும், ஏபிசி ஐடிக்கு ஆதார் வேண்டும். நம் பக்கத்துப் பெண் ஒருவருக்கு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அதே இனிஷியல் பின்னால் போயிருக்கும், அல்லது திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயராக மாறியிருக்கும். அவரை இ-சேவை மையத்துக்கு என்னென்ன காகிதத்தோடு அனுப்புவது என்று யோசித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். சாட்பாட் அதே நான்கு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவரைச் சேர்க்கை நாள் தாண்டும்வரை அலையவிடும்.

காகிதத்தைச் சரிசெய்வது

வேலையில் பெரும்பங்கு இதுதான். சந்தா விற்க வருபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பொதுவான ஏ.ஐ. கருவியிடம் உங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டணத் தேதியைக் கேட்டால், அது எங்கோ படித்ததை வைத்து அடுத்தடுத்து வரக்கூடிய சொற்களைக் கோத்து ஒரு தேதியைச் சொல்லிவிடும். தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். தினக்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் ஒருவருக்குத் தவறான தேதி சொன்னால் ஒரு பருவமே போகும். அதனால் நீங்கள் கொடுத்த ஆவணங்களுக்குள் மட்டும் தேடிப் பதில் சொல்லும் வகைக் கருவியைத்தான் எடுக்க வேண்டும். கூகுளின் நோட்புக்எல்எம் அப்படிப்பட்டது. இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்புக்கில் 50 ஆவணம்வரை ஏற்றலாம். பதிலின் பக்கத்தில், எந்த ஆவணத்தின் எந்த வரியிலிருந்து எடுத்தது என்று எண் போட்டுக் காட்டும். தொடங்குவதற்கு இது போதும்.

ஆனால் ஆவணம் கருவிக்குப் படிக்கக் கிடைக்க வேண்டுமே. ஒவ்வொரு பிடிஎஃப்பையும் கணினியில் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை, அப்படியே ஏற்றலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கருவிக்கு அது தமிழே அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றால் யூனிகோடாக்கிவிட்டு ஏற்றுங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். 300 டிபிஐ அளவில் மறுபடி ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாறும்.

மாறியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தமிழில் இந்த மாற்றம் வழுக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: மெய்யெழுத்தின் மேல் புள்ளி விழுந்துபோகும், கால் (ா) ர-வாகவும், ர காலாகவும் மாறிவரும். பி.ஏ. தமிழ்ப் பாடத்தில் ஒரு புள்ளி போனால் யாப்பே போயிற்று. பி.காம். பாடத்தில் அட்டவணைகள்தான் ஆபத்து. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று இருந்த கணக்கு, மாறிவரும்போது எல்லாத் தொகையும் ஒரே நெடுவரிசையில் கொட்டிக் கிடக்கும். அட்டவணைகளை எக்செல்லில் புதிதாக அடிப்பதே நல்லது. ஒரு பக்கத்தைப் பார்த்துத் திருத்த ஆறேழு நிமிடம் வைத்தால், 400 பக்கத்துக்கு 40 முதல் 47 மணி நேரம் ஆகும். நிர்வாகம் கொடுத்த 40,000 ரூபாயில் பெரும்பகுதி போக வேண்டியது இந்தத் திருத்தல் வேலைக்கு. தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒருவரையும் பி.காம். முடித்த ஒருவரையும் மணிக்கணக்குக் கூலிக்கு வையுங்கள். ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை, கல்லூரி அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷினிலேயே பெரும்பாலும் அந்த வசதி இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பாடநூல் பல்கலைக்கழகத்தின் உடைமை. வெளியாளின் கருவியில் ஏற்ற எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். அனுமதி வரும்வரை சுற்றறிக்கை, கால அட்டவணை, மாணவர் கையேடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுற்றறிக்கைகளில் நடக்கும் பெரிய தவறு, பழையதை நீக்காமல் புதியதை ஏற்றுவது. இரண்டும் உள்ளே கிடந்தால், எது செல்லும் என்பது கருவிக்குத் தெரியாது. போன ஆண்டுத் தேதியை முழு நம்பிக்கையோடு சொல்லும். ஒவ்வொரு ஆவணத்தின் முதல் வரியிலும் எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம், எந்த நாள்வரை செல்லும் என்று அடியுங்கள். கோப்பின் பெயரே "2025 ஜூலை சேர்க்கை – தேர்வுக் கட்டணம்" என்பதுபோல் இருக்கட்டும். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் காலாவதியானதை நீக்குவது எழுத்தரின் வேலை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். ஆள் மாறினால் இந்த வேலையும் கைமாற வேண்டும். மையத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி அதில் கணக்கு வையுங்கள். ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வைத்தால், அவர் வேறு கல்லூரிக்குப் போகும் நாளில் எல்லாம் அவரோடு போய்விடும்.

கட்டளையும் சோதனையும்

கருவிக்குக் கொடுக்கும் கட்டளை சுருக்கமாக, கறாராக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "இங்குள்ள ஆவணங்களில் இல்லாத எதையும் சொல்லாதே. தேதி, கட்டணம் சொல்லும்போது சுற்றறிக்கையின் எண்ணையும் நாளையும் சேர்த்துச் சொல். மாணவர் எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் என்று சொல்லாவிட்டால் முதலில் அதைக் கேள். பதில் இல்லையென்றால், 'இது எங்கள் ஆவணத்தில் இல்லை, மாலை 6 முதல் 8 வரை மையத்தை அழையுங்கள்' என்று மட்டும் சொல். மூன்று வரிக்கு மேல் போகாதே." அந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தை மலைக் கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். நீளமான பதிலும் படமும் அங்கே திறக்காது.

பிறகு சோதனை. நோட்டிலிருந்து 60 கேள்விகளை எடுங்கள். 40 கேள்விக்குப் பதில் ஆவணத்தில் இருக்க வேண்டும். 10 கேள்வி ஆங்கில எழுத்தில் தட்டிய பேச்சுத் தமிழாக இருக்கட்டும். மீதி 10, ஆவணத்தில் இல்லவே இல்லாத பொறிக் கேள்விகள். இந்தப் பத்தும்தான் உண்மையான தேர்வு. பத்துக்கும் "எங்கள் ஆவணத்தில் இல்லை" என்று வர வேண்டும். தேதியிலோ தொகையிலோ ஒரு தவறு வந்தாலும் மாணவர் பக்கம் திறக்காதீர்கள். ஆவணத்தைத் திருத்தி, அறுபதையும் மறுபடி ஓட்டுங்கள். மற்றக் கேள்விகளில் இரண்டு மூன்று மழுப்பலாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

தெரியாது என்று சொல்லத் தெரிவதன் அருமைக்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் குழு 2016-ல் இணையவழி முதுகலை வகுப்பு ஒன்றில் ஜில் வாட்சன் என்ற ஏ.ஐ. உதவியாளரை இறக்கியது. சுமார் 300 மாணவர்கள், ஒரு பருவத்தில் ஏறக்குறைய 10,000 செய்திகள். 97 சதவீத உறுதி இருந்தால் மட்டுமே அது மாணவருக்குப் பதில் சொன்னது. மற்றவை மனித உதவியாளர்களுக்குப் போயின. கருவிகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டன. உறுதியில்லாததை மனிதரிடம் தள்ளிவிட்ட அந்த ஏற்பாடு இன்றும் அப்படியே பின்பற்றத் தக்கது.

சாட்பாட் வேண்டுமா?

240 பேருக்கு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். தேர்வுக் கட்டண வாரத்தில் 150 கேள்வி வருகிறது என்றே வையுங்கள். எழுத்தர் கருவியில் தேடி, மூல வரியைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் அடிக்கடி அனுப்பும் பதில்களை விரைவுப் பதில்களாகச் சேமித்து வைக்கலாம், அலுவலக நேரம் முடிந்ததும் தானாகப் போகும் செய்தியும் வைக்கலாம். கருவி எழுத்தருக்கு உதவட்டும், மாணவருக்குப் பதில் எழுத்தர் பெயரிலேயே போகட்டும். தவறு வந்தால் அனுப்பும் முன்பே பிடிபடும், மாணவருக்கும் தன்னிடம் பேசுவது யார் என்று தெரியும். மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி, நள்ளிரவிலும் கேள்வி குவியும் மையங்களுக்கு நேரடி சாட்பாட் பொருந்தும்.

நிறுவனத்தைத் திருப்பி அனுப்பும் முன் ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினால், அவர்கள் கொண்டுவந்த டெமோவைப் பார்க்காதீர்கள். உங்கள் சுற்றறிக்கை ஒன்றைக் கொடுத்து, அங்கேயே ஏற்றச் சொல்லி, உங்கள் பொறிக் கேள்விகளில் ஐந்தைக் கேளுங்கள். மாணவர் எண்ணும் உரையாடலும் எங்கே சேமிக்கப்படுகின்றன, ஒப்பந்தம் முடிந்தால் அழித்துத் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பருவத்துக்கு மேல் ஒப்பந்தம் போட வேண்டாம்.

ஆசிரியர் கையில்

பாடச் சந்தேகத்துக்குக் கருவி நேரடியாக விடை சொல்வதைவிட, ஆசிரியர் அதை வைத்து ஞாயிறு வகுப்புக்குத் தயாராவது நல்ல பலன் தரும். ஒரு பாடப்பகுதியைக் கொடுத்து 20 குறுவினா எழுதச் சொல்லலாம், கடினமான பத்தியை எளிய தமிழில் கேட்கலாம், நோட்டில் உள்ள சந்தேகங்களைத் தலைப்புவாரியாகத் தொகுக்கச் சொல்லலாம். வந்ததில் நல்லதை மட்டும் ஆசிரியர் எடுத்துக்கொள்வார். செய்யுளில் மட்டும் இரட்டைக் கவனம் வேண்டும். மூலத்தைக் கொடுக்காமல் கேட்டால் பாடலை மாற்றும், புலவர் பெயரை மாற்றும், சீர் தளை தட்டும் ஒரு வரியைத் தானே கட்டிச் சேர்க்கும். கணக்கிலும் அப்படித்தான். கூட்டல் கழித்தலை எக்செல்லில் சரிபார்க்காமல் மாணவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஷூ கம்பெனி பஸ்ஸில் போகும்போது கேட்க ஒலிப் பாடம் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால், கருவியின் குரலைவிட உங்கள் ஆசிரியரின் குரலே மேல். கருவி வரைவு எழுதட்டும். ஆசிரியர் அதைத் திருத்தி, 10 நிமிடத்துக்குள் போனில் பேசிப் பதிவு செய்யட்டும்.

அசைன்மென்ட்

யுஜிசியின் 2020 விதிமுறைப்படி தொலைநிலைப் படிப்பில் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 சதவீதம். அசைன்மென்ட்டை முழுக்க ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கிய மாணவர் அந்த 30-ஐ வாங்கிவிட்டு 70-ல் தவறுகிறார். இதை மாணவர்களிடம் நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் "ஏ.ஐ. எழுதியது" என்று முத்திரை குத்தப்பட்டன. தமிழ் வழியில் படித்து, தடுமாறி ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்கள்தான் இதில் முதலில் அடிபடுவார்கள். வெறும் சந்தேகத்தின் பேரில் மதிப்பெண் குறைக்காதீர்கள்.

கேள்வித்தாளைப் பல்கலைக்கழகம் அனுப்புகிறது, அதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் ஒப்படைக்கும் ஞாயிறன்று ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் பேசலாம். தேய்மானக் கணக்கு என்று வையுங்கள். தையல் மெஷின் 50,000 ரூபாய், இறுதி மதிப்பு 5,000, ஆயுள் 10 ஆண்டு. ஆண்டுதோறும் ஒரே அளவு குறைக்கும் நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 4,500 என்று தாளில் இருக்கும். "இறுதி மதிப்பு 8,000 ஆனால்?" என்று கேளுங்கள். தானே செய்தவர் 4,200 என்று சொல்லிவிடுவார். எழுதி வாங்கியவர் விழிப்பார். "உங்கள் கம்பெனியில் பழைய மெஷினை எப்போது விற்பார்கள்?" என்று அடுத்த கேள்வி போட்டால், விழித்தவரும் பேசத் தொடங்குவார், அவருக்குத் தெரிந்த மெஷின்தானே அது. அங்கிருந்து பாடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 240 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் 20 மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 10 மணி, இரண்டு மூன்று ஞாயிறுகளில் முடியும். திருத்தும் ஆசிரியர் குறிப்பு எழுத கருவியின் உதவியை எடுத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணை மட்டும் ஆசிரியரே போட வேண்டும்.

மாணவர் விவரம்

மதிப்பெண் பட்டியல், ஆதார், கைபேசி எண், புகைப்படம் எதுவும் எந்த ஏ.ஐ. கருவிக்குள்ளும் போகக் கூடாது. 18 வயது நிரம்பாதவரின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிளஸ் டூ முடித்ததும் சேரும் 17 வயதுப் பிள்ளைகள் உங்களிடமும் இருப்பார்கள். எழுத்தர் கேள்வியைக் கருவியில் தட்டும்போது பெயரையும் பதிவெண்ணையும் எடுத்துவிட்டுத் தட்டப் பழக்குங்கள். அவசரத்தில் வாட்ஸ்அப் செய்தியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதில்தான் பெரும்பாலும் கசிகிறது.

எப்போது தொடங்குவது

தேர்வுக் கட்டண வாரத்தில் தொடங்காதீர்கள், புது ஏற்பாடு அந்த நெரிசலைத் தாங்காது. ஒரு பருவத் தேர்வு முடிந்த மறுவாரம் நோட்டைத் திறங்கள். நான்கு வாரம் நோட்டு, நான்கு வாரம் ஆவணம், இரண்டு வாரம் சோதனை. பிறகு பி.காம். முதலாண்டில் 30 பேரோடு மட்டும் ஒரு மாதம். அந்த மாதம் முழுதும் "எங்கள் ஆவணத்தில் இல்லை" என்று கருவி சொன்ன கேள்விகளைத் தனியாகக் குறியுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதற்குப் பதிலைப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டு வாங்கி ஆவணத்தில் சேருங்கள், அதே பதிலை மையத்து வாசல் பலகையிலும் ஒட்டுங்கள். போனில் இணையம் இல்லாதவரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல் வழியாகத்தானே வருகிறார்.